கார்டியனில் இரண்டாவது தோட்டா எங்கே போகிறது?

மூன்று வாரமாக வாலரன்ட் என்ற சுடும் வீடியோ கேமில் கார்டியன் துப்பாக்கியை மட்டுமே எடுத்து ஆடுகிறேன். முதல் தோட்டா நெஞ்சில் சரியாகப் படுகிறது. அடுத்த இரண்டும் எதிராளியின் தலைக்கு மேலே சுவரில் போய்க் குத்துகின்றன. உடம்பில் பட்டால் சேதம் 65 தான், அதனால் முழுக் கவசத்தோடு நிற்பவரை வீழ்த்த மூன்று வேண்டும். எனக்கு ஒன்றோடு கதை முடிந்துவிடுகிறது.

மவுஸின் 800 டிபிஐயில் சென்சிட்டிவிட்டியை 0.5லிருந்து 0.35க்கு இறக்கிப் பார்த்தேன். ஸ்கோப் வைத்தும் வைக்காமலும் சுட்டேன். பயிற்சிக் களத்தில் நின்ற இடத்திலிருந்து சுட்டால் பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. மேட்சில் பக்கவாட்டில் நகர்ந்து, நின்று, சுடும்போதுதான் சொதப்பல். ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்: சுட்டதும் மேலே எகிறும் கிராஸ்ஹேர் (குறி பார்க்கும் புள்ளி) கீழே இறங்குவதற்குள் அடுத்த கிளிக் விழுந்துவிடுகிறது. இணையத் தாமதமும் (பிங் 30க்குள்) திரை வேகமும் (பிரேம் 144) சரியாகவே இருக்கின்றன. ஆக, குறை என் விரலில்தான்.

‘பேசாமல் வாண்டல் துப்பாக்கி வாங்கு’ என்கிறார்கள் நண்பர்கள். கேமுக்குள் செலவழிக்கும் கிரெடிட்டில் அது 2,900, இது 2,250. பாதிச் சுற்றுகளில் கையில் கிரெடிட்டே இருக்காத எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

கார்டியனை நன்றாக ஆடுகிறவர்களே, பதற்றத்திலும் தோட்டாவுக்குத் தோட்டா சரியான இடைவெளி விட விரலை எப்படிப் பழக்கினீர்கள்?