ஸ்பானியரின் அன்றாடப் பேச்சு: லத்தீனா, அரபியா?

வேர்தேடி:
ஸ்பானிய மொழியை லத்தீனின் மகள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது அநியாயம். சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். சர்க்கரை அசூகார், அரிசி அர்ரோஸ், எண்ணெய் அசெய்தே. மூன்றும் அரபி வழி வந்தவை. 711இல் முஸ்லிம் படைகள் வந்தது முதல் 1492இல் அவர்களின் கடைசி அரசான கிரானடா வீழும் வரை அரபி அந்த மண்ணில் ஆண்டது. அதற்குரிய மரியாதை வேண்டாமா?

செவ்விலத்தீன்:
மரியாதை தரலாம் ஐயா, வீட்டையே எழுதிக்கொடுக்க முடியாது. தாய் மாத்ரே, கை மானோ, தண்ணீர் அகுவா, உண்பது கொமேர். இவை இல்லாமல் ஒரு பொழுதாவது பேச முடியுமா? நீங்கள் காட்டியவை அத்தனையும் பெயர்ச்சொற்கள். வினைச்சொற்களில் அரபி மிக அரிது. சரக்கோடு சேர்ந்து வந்த பெயர்கள் அவை.

வேர்தேடி:
சரக்கோடு வந்தவையா? ரோமானியர் காலத்திலேயே தென் ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் ரோமுக்குக் கப்பலேறியது. பொருள் பழையது, பெயர்தான் மாறியது. மரம் இன்றும் லத்தீன் வழி ஒலிவோ. ஆனால் அதன் காய் அசெய்துனா, பிழிந்த எண்ணெய் அசெய்தே, இரண்டும் அரபி. லத்தீன் வழி வந்த ஓலியோ தேவாலயச் சடங்குக்கும் ஓவியருக்கும் ஒதுங்கிவிட்டது. இன்று சூரியகாந்தி எண்ணெயும் அசெய்தே, வண்டிக்கு ஊற்றுவதும் அசெய்தே.

நீர்மடை:
வயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசன வாய்க்கால் அசேகியா, அதுவும் அரபிதான். வாலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளைத் தீர்க்கும் உழவர் நடுவர் மன்றம் இன்றும் வியாழன் நண்பகலில் பேராலய வாசலில் கூடுகிறது.

செவ்விலத்தீன்:
நிலைத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள், உதிர்ந்ததை விட்டுவிடுகிறீர்கள். தையற்காரருக்கு அல்ஃபயாதே என்ற அரபிச் சொல் இருந்தது; இன்று சாஸ்த்ரே. கால்நடை மருத்துவர் அல்பேய்தார். இன்று லத்தீன் வழி வெதெரினாரியோ. அரபி வந்த வழியே பெருமளவு திரும்பியும் போயிருக்கிறது.

வேர்தேடி:
அப்படியானால் 'அஸ்தா' ஏன் போகவில்லை? 'வரை' என்று பொருள்படும் அந்தச் சொல் அரபியின் 'ஹத்தா'. அது சரக்கும் அல்ல, தொழிலும் அல்ல. இலக்கணத்தின் எலும்பு அது. இரு மொழிகளும் ஒரே வீட்டில், ஒரே வாயில் புழங்கியிராவிட்டால் அப்படிப்பட்ட சொல் கைமாறாது.

செவ்விலத்தீன்:
அஸ்தா வலுவான சான்றுதான். ஆனால் அதன் பக்கத்தில் நிற்கும் தே (உடைய), என் (இல்), கொன் (உடன்), போர் (ஆல்), சின் (இல்லாமல்) எல்லாம் லத்தீன். எலும்புக்கூட்டில் ஓர் எலும்பைக் காட்டி உடல் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.