நெடுந்தூரச் சுடுதலுக்கு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

டென்வர்_தம்பி:
600 கெஜத்தில் எஃப்-கிளாஸ் (படுத்துக்கொண்டு, தாங்கியில் துப்பாக்கியை வைத்து, தெரிந்த தூரத்தில் சுடும் போட்டி) சுடுகிறவன் நான். .308 துப்பாக்கிதான். கிளப்பில் ஒரு பெரியவர் என்.ஆர்.எல். ஹன்டர் என்ற வேட்டை பாணிப் போட்டிக்கு வா வா என்று கூப்பிடுகிறார். அதற்காக 6.5 கிரீட்மோர் துப்பாக்கி ஒன்று வாங்கியாயிற்று (வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை). அடுத்தது ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லேசரால் தூரம் அளக்கும் கருவி. கடையில் ஒரு பெட்டியில் 2000 கெஜம், இன்னொன்றில் 4000 கெஜம் என்று போட்டிருக்கிறது. விலை இரண்டு மடங்கு. நான் சுடப்போவது மிஞ்சிப்போனால் 1000. எனக்கு எதற்கு 4000? கோல்ஃபுக்கு வாங்கியது ஒன்று சும்மா கிடக்கிறது, அதை வைத்தே சமாளிக்கலாமா? 800 டாலர் வரை செலவழிக்கலாம்.

பிஸ்லி_ஈழத்தான்:
எஃப்-கிளாஸ் மட்டும் எண்டால் ஒண்டும் வேண்டாம் தம்பி. இங்கே இங்கிலாந்தில், பிஸ்லியில் ஸ்டிக்கிள்டவுன் சுடுதளத்தில் 1000 கெஜம் எண்டால் 1000 தான், எல்லாம் அளந்து வைத்தது. காசைத் துவக்கு ரவைக்குச் செலவழியுங்கோ. ஹன்டர் போட்டி வேறு கதை, அதை அமெரிக்காவில் இருக்கிறவைதான் சொல்ல வேணும்.

ரேட்டன்வாசி:
ஹன்டர் போட்டியில் தூரத்தை யாரும் சொல்லமாட்டார்கள். 4 நிமிடத்துக்குள் இலக்கைத் தேடிப் பிடித்து, அளந்து, சுட்டு முடிக்க வேண்டும். அதனால் கருவி கட்டாயம் தேவை.

பெட்டியில் இருக்கும் பெரிய எண், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பலகைக்கானது. மரம், மான் என்று வந்தால் அதே பெட்டியில் பொடி எழுத்தில் வேறு எண் இருக்கும். நல்ல வெயிலில் அதுவும் குறையும். 1000 கெஜம் சுட 2000 போட்ட கருவி திணறுவது இதனால்தான்.

ஆனால் அந்த எண்ணை விட முக்கியம் கதிர் எவ்வளவு விரிகிறது என்பது. மில்லிரேடியன் என்ற கோண அளவில் போட்டிருப்பார்கள். 1 மில்லிரேடியன் என்றால் 1000 கெஜத்தில் கதிரின் அகலம் 1 கெஜம். 3 என்றால் 3 கெஜம். இலக்காக நிற்கும் எஃகுத் தகடோ ஓரடி, ஒன்றரை அடி. மிச்ச ஒளியெல்லாம் முன்னால் இருக்கும் புதரிலும் பின்னால் இருக்கும் மலைச்சரிவிலும் விழுகிறது. கருவி அதில் ஏதோ ஒன்றின் தூரத்தைக் காட்டும், நீங்கள் தகட்டின் தூரம் என்று நம்புவீர்கள். 1000 கெஜத்தில் 10 கெஜம் தப்பினால் கிரீட்மோரில் நாலைந்து அங்குலம் போய்விடும். பின்னால் 30 கெஜம் தள்ளி இருக்கும் சரிவைப் படித்திருந்தால் தோட்டா தகட்டுக்கு மேலே பறந்துவிடும். அப்புறம் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பெரும்பாலான கைக்கருவிகளில் கதிர் வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் நீண்டிருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால், தேவைப்படும்போது கருவியை 90 பாகை திருப்பிப் பிடித்து அளக்கலாம்.

வாங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள். பின்னால் வானம் மட்டும் தெரியும்படி ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் பொத்தானை அழுத்தியபடி இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ் நகர்த்துங்கள். எண் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பாருங்கள். உள்ளே தெரியும் குறிக்கும் லேசருக்கும் பொருத்தம் எப்படி என்று தெரிந்துவிடும். விலையுயர்ந்த கருவியிலும் அது சற்றே விலகி இருக்கலாம்.

கோல்ஃப் கருவி கொடிக்கம்பத்தைப் பிடிப்பதற்காக எப்போதும் அருகில் உள்ள பொருளுக்கே முன்னுரிமை கொடுக்கும். அது உங்களுக்குப் புல்லின் தூரத்தைத்தான் சொல்லும்.

இங்கே நியூ மெக்சிகோவில், ரேட்டனில் விட்டிங்டன் சுடுமையத்தில் 1123 கெஜத்தில் வெள்ளைக் காட்டெருமை உருவம் நிற்கிறது. 'என் கருவி அதையே படித்துவிட்டது' என்று பெருமை அடிப்பவர்கள் உண்டு. அவ்வளவு பெரிய எஃகை எதுதான் படிக்காது? பக்கத்தில் இருக்கும் சின்னப் புதரைப் படிக்கிறதா என்று கேளுங்கள்.

மலைச்சரிவு_அக்கா:
ரேட்டன் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். கோணத் திருத்தம், அதாவது சரிவில் மேலோ கீழோ சுடும்போது தூரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது. 30 பாகைச் சரிவில் 800 கெஜம் என்றால் திருத்திய தூரம் 693. ஆனால் தோட்டா எவ்வளவு விழும் என்று கணக்கிடும் உங்கள் பாலிஸ்டிக் செயலியிலும் கோணத்தைக் கொடுத்தால் திருத்தம் இரண்டு முறை விழும். ஒன்று இங்கே, இல்லை அங்கே. நான் கருவியில் நேர்கோட்டுத் தூரத்தையே வைத்துக்கொள்வேன்.

அப்புறம், தனிக் கருவியே வேண்டாம், ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள பைனாகுலர் வாங்குங்கள். 4 நிமிடத்தில் பாதி தேடுவதிலேயே போய்விடும். கண்டுபிடித்த இலக்கை விட்டுக் கண்ணை எடுத்து, இன்னொரு கருவியில் மறுபடி தேடுவது கொடுமை.

ரேட்டன்வாசி:
வாஸ்தவம்தான், ஆனால் 800 டாலரில் நல்லதாக வராதே அக்கா. தம்பி இப்போதைக்குத் தனிக் கருவி எடுக்கட்டும்.

டென்வர்_தம்பி:
கோல்ஃப் கருவியைக் கம்பத்தில் வைத்துப் பார்த்தேன். குறி கம்பத்தைத் தாண்டிய பிறகும் எண் வந்துகொண்டே இருந்தது. அதை மறந்துவிடுகிறேன். 2000 போட்டதில் 1.5 மில்லிரேடியன், 4000 போட்டதில் அந்தத் தகவலே இல்லை.

ரேட்டன்வாசி:
தகவல் போடாததைத் தொடாதீர்கள். மீதிக் காசில் கருவியை நிறுத்த ஒரு முக்காலி (டிரைபாட்) வாங்குங்கள். கையில் பிடித்து 1000 கெஜத்தில் ஒன்றரை அடித் தகட்டின் மேல் குறியை நிறுத்த யாராலும் முடியாது. 2000 போட்டதில் திரை சிவப்பு எழுத்தா, கறுப்பு எழுத்தா? கறுப்பு என்றால் விடியற்காலையில் மர நிழலைப் பார்த்து அளக்கும்போது எண் தெரியாது, கடையிலேயே இருட்டு மூலையைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.