தாடையில் டக் சத்தம், கூடவே பின்கழுத்துப் பிடிப்பு: எதை முதலில் பார்க்கணும்?

திருபுவனம்_தறி:
அப்பா குழித்தறியில் பட்டு நெய்கிறார். வாய் திறந்தா வலப்பக்கம் "டக்"குன்னு சத்தம், காதுக்கு முன்னால வலி, பின்கழுத்தும் பிடிக்குது. பல்லில் குறையில்லைன்னு பல் டாக்டர் சொல்லிட்டார். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பிசியோ_தஞ்சை:
உண்டுங்க. முகத்திலிருந்து வரும் முப்பிரி நரம்பும் மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் ஒரே நரம்புக்கருவில் வந்து சேருது. அதனால கழுத்து வலி தாடையில தெரியும், தாடை வலி கழுத்துல தெரியும். வாய் திறக்கும்போது தலையும் லேசா பின்னால சாயணும். கழுத்து இறுகினா அது தடைபடும். அதுக்காக, குனிஞ்சு நெய்ததாலதான் மூட்டு கெட்டதுன்னு அடிச்சுச் சொல்லிட முடியாது. ரெண்டையும் சோதிக்கணும்.

வாயை முழுசா திறக்கச் சொல்லி, மேல், கீழ் முன்பல் நுனிகளுக்கு நடுவுல ஸ்கேல் வைங்க. 40 மி.மீ. இருந்தா கவலையில்லை, 35க்குக் கீழேன்னா தள்ளிப்போடாதீங்க. கழுத்தை பிசியோகிட்ட காட்டுங்க: மல்லாக்கப் படுக்கவெச்சு, தலையை முழுசா மடக்கி, அப்படியே பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பாங்க. வழக்கமா 44 டிகிரி வரை திரும்பும். 32க்குக் குறைஞ்சா மேல்கழுத்து மூட்டில் இறுக்கம்.

பல்மருத்துவம்_குடந்தை:
வெற்றிலை சீவல் போடுவாரா? நம்ம பக்கம் இதைக் கேட்காம விடக்கூடாது. காரம் பட்டா எரிச்சல், கன்னத்தின் உள்ளே வெளுத்த நார்ப்பட்டை, வாய் வரவரக் குறுகுதுன்னா அது பாக்கினால் வரும் வாய்ச்சவ்வு இறுக்கம். புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. கழுத்துப் பயிற்சியில் தீராது. பாக்கை உடனே நிறுத்தணும். நடந்தா தாடை வலிச்சு, நின்னா விட்டுப்போச்சுன்னா இதய டாக்டரைத்தான் முதல்ல பார்க்கணும்.

திருபுவனம்_தறி:
ரொம்ப நன்றிங்க. சீவல் பழக்கம் இல்லை. அளந்தேன், 42 மி.மீ. வீட்டில் என்ன செய்யலாம்?

பிசியோ_தஞ்சை:
நாக்கு நுனியை மேல்முன்பல்லுக்குப் பின்னால அண்ணத்தில் ஒட்டவெச்சு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடணும். 6 முறை, நாளைக்கு 6 வேளை. அப்புறம் மல்லாக்கப் படுத்து "ஆமா" சொல்ற மாதிரி மோவாயை லேசா இறக்கி 10 விநாடி, 10 முறை. பக்கக் கழுத்துத் தசை புடைச்சா பலம் கூடிப்போச்சு, குறைங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு செய்தா பயனே இல்லை. காதுக்கு முன்னால சூடான ஈரத்துணி 15 நிமிஷம். முறுக்கு, சூயிங்கம் வேண்டாம்.

தறியில நாடா தள்ளும்போது பல்லைக் கடிக்கிறாரான்னு கூட உட்கார்ந்து பாருங்க. உதடு மூடி, பல் தொடாம இருக்கணும். வலி போய் சத்தம் மட்டும் மிச்சமிருந்தா அதுக்கு மருந்தே தேவையில்லை.