மறு: கலைச்சொல் தேவை – ‘டெலிபரேட்டிவ் போல்’ (தேர்தலுக்கு முன் பாதுகாப்பைப் பற்றிக் குடிமக்கள் பேசுவது)

வணக்கம். குடிமக்களைக் கூட்டிப் பேசவிட்டு, பேச்சுக்கு முன்னும் பின்னும் அவர்கள் கருத்தை அளக்கும் ‘டெலிபரேட்டிவ் போல்’ என்ற முறைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மக்கள் கருத்துக் கேட்பு’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல். எதற்குப் புதிதாக ஒன்று?

ஐயா, எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் இதில் சிக்கலே. கருத்துக் கேட்பு என்றதும் கண்முன் வருவது ஒரு கூடம், ஒரு மைக், அதன் முன் ஒரு வரிசை. வர நினைத்தவர்கள் வருவார்கள். ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர்களும், யாரோ அழைத்துவந்தவர்களும் அதில் அதிகம். ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள். மேடையில் இருப்பவர் குறித்துக்கொள்வார், அல்லது குறித்துக்கொள்வதுபோல் உட்கார்ந்திருப்பார். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு ஒருவர் மனம் மாறக்கூடும் என்ற எதிர்பார்ப்பே அங்கே கிடையாது. நாம் பெயர் தேடும் முறையோ அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் ஃபிஷ்கின் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1988-இல் முன்வைத்தது. வாக்காளர்களிலிருந்து சமவாய்ப்பு முறையில் சில நூறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு ஒரு வினாத்தாள். பிறகு எல்லாத் தரப்பு வாதங்களும் அடங்கிய ஒரு விளக்கக் கையேடு. அப்புறம் ஒரு வார இறுதி முழுக்க அவர்களை ஓரிடத்தில் கூட்டி, சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிடுகிறார்கள். குழுக்கள் தங்களுக்குள் பேசி எழுதும் கேள்விகளை, ஒருவரோடு ஒருவர் உடன்படாத நிபுணர்களிடமும் கட்சிக்காரர்களிடமும் கேட்கிறார்கள். கடைசியில் அதே வினாத்தாள் மறுபடியும். முதல் விடைக்கும் கடைசி விடைக்கும் இடையில் என்ன நகர்ந்தது என்பதுதான் இதில் கிடைக்கும் விளைச்சல்.

இந்த முறை நாடு தழுவிய அளவில் முதலில் சோதிக்கப்பட்டது 1994-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். எடுத்துக்கொண்ட பொருள் குற்றங்கள். அதாவது, இதன் பிறப்பே பாதுகாப்பைப் பற்றிய பேச்சில்தான். குற்றவாளிகளை இன்னும் அதிகமாகச் சிறைக்கு அனுப்புவது பலன் தரும் வழி என்று சொன்னவர்கள் முதலில் 57 விழுக்காடு. வார இறுதி முடிந்தபோது 38. குற்றத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கோபம் தணிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சிறை ஒன்றே மருந்து என்ற நம்பிக்கைதான் இறங்கியது. சாதாரணக் கருத்துக்கணிப்பு 57 என்று அறிவித்துவிட்டுப் போயிருக்கும். கட்சிகளும் அந்த 57-ஐப் பார்த்துத்தான் வாக்குறுதி எழுதும்.

தேர்தலை ஒட்டி நடந்ததற்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டான 1996-இன் ஜனவரியில் ஆஸ்டின் நகரில் ஒன்று. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன் 2009 மே மாதம் பிரஸ்ஸல்ஸில் ஒன்று. 2020 தேர்தலை முன்னிட்டு 2019 செப்டம்பரில் டல்லாஸ் அருகே, ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்காளர்களோடு இன்னொன்று. அதன் ஐந்து பொருள்களில் வெளியுறவும் ஒன்று.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> சூழ்தல் என்ற பழஞ்சொல்லுக்கு ஆராய்தல், கலந்து எண்ணுதல் என்ற பொருள் உண்டு. ‘சூழ்வுக் கணிப்பு’ எனலாம்.

பொருள் மிகச் சரி. ஆனால் சூழ்ச்சி என்ற சொல் இன்று எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். தேர்தல் நேரம், பாதுகாப்பு என்ற பொருள், அதற்கு மேல் ‘சூழ்வு’ என்ற பெயர். அழைப்பிதழைப் பார்த்தே பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஆராய்தல் என்ற பொருள்கொண்ட ‘ஓர்தல்’ எனக்கும் பிடித்த வேர். ஓர்ந்து சொல்லும் கருத்து, ஓர்கருத்து. படிப்பவருக்கு அது ‘ஒரே கருத்து’ என்றுதான் ஒலிக்கும். இந்த முறையில் அதற்குத்தான் இடமே இல்லை. எல்லோரும் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. குழுவில் கைதூக்கச் சொல்வதுமில்லை. கடைசி வினாத்தாளை ஒவ்வொருவரும் தனித்தனியே, மற்றவர் பார்வை படாமல் நிரப்புகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்துக்காகத் தலையாட்டுவதைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. பாதுகாப்பு போன்ற பொருளில் இது இன்னும் முக்கியம். ‘நீ நாட்டுக்கு எதிரானவனா’ என்ற பார்வை ஒன்று போதும், மாற்றுக் கருத்து உள்ளவர் வாயை மூடிக்கொள்ள.

‘ஆய்கருத்து’ என்று அம்மா ஒருவர் முன்மொழிந்திருந்தார். இலக்கணப்படி குறையே சொல்ல முடியாது. ஆனாலும் குழந்தை உள்ள வீட்டில் அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வேறு காரணம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

> குடவோலை நம்முடைய சொல். ‘குடவோலை அவை’ என்றால் குலுக்கல் முறைத் தேர்வும் விளங்கும், மரபும் விளங்கும்.

இதைத் தள்ள எனக்கு மனமில்லை, ஆனால் தள்ளத்தான் வேண்டும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்வது உண்மையிலேயே குலுக்கல்தான். முப்பது குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்வார்கள். வாரியங்களுக்கு, அதாவது ஊரை நடத்தும் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தது இப்படித்தான். ஆனால் பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது ‘குடவோலைத் தேர்தல்’. அதனால் பெரும்பாலோர் மனத்தில் அது வாக்குச்சீட்டின் பாட்டனாகப் பதிந்துவிட்டது. வாக்குப்பதிவு என்று நினைத்து வருபவரிடம் ‘இல்லை, இது குலுக்கல்’ என்று ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதற்கு நிலம், சொந்த மனை, வயது, வேதக் கல்வி என்று கடுமையான தகுதிகள் இருந்தன. எந்தத் தகுதியும் கேட்காமல் எவரையும் அழைப்பதே உயிரான ஒரு முறைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. தேர்வுக்குச் ‘சமவாய்ப்பு’ என்ற சொல் புள்ளியியல் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்குகிறது. அதுவே போதும்.

என் பரிந்துரை: தெளிகருத்து. தெளிகருத்துக் கணிப்பு.

குடிநீர், ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. தெளிந்த, தெளிகிற, தெளியும் என்று மூன்று காலமும் உள்ளே அடக்கம். நடப்பதும் அதுதானே, கருத்து ஒரே நாளில் தெளிந்து முடிந்துவிடுவதில்லை. ‘கருத்துக்கணிப்பு’ என்ற பழகிய சொல்லின் முன் ஒரே ஒரு உறுப்பு சேர்வதால், செய்தி எழுதுபவருக்கும் தடுமாற்றம் இல்லை. இது வழக்கமான கணிப்பு அல்ல என்பது படிப்பவருக்கும் உடனே பிடிபடும்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். முதலாவது, குடித்தவருக்குத்தானே தெளியும் என்ற கிண்டல். அதைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது கொஞ்சம் கனமானது. தெளிகருத்து என்று ஒன்றைச் சொன்னால் மற்றவர்களுடைய கருத்து கலங்கல் என்றாகாதா? வாக்காளரை மட்டம் தட்டுவது போலாகாதா? யோசித்தேன். கலங்கியிருப்பதற்குக் காரணம் வாக்காளரின் அறிவு அல்ல, அவருக்குக் கிடைத்த தகவல். 2003 ஜனவரியில், இராக் போருக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஃபிலடெல்ஃபியாவில் இதே முறையில் வெளியுறவைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அயல்நாட்டு உதவிக்கு அமெரிக்க அரசு பெருந்தொகை செலவழிக்கிறது என்று எண்ணியிருந்தவர்கள்தான் அதில் அதிகம். அது மொத்தச் செலவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு அளவுதான் என்று தெரிந்ததும், உதவியைக் கூட்டலாம் என்போர் பெருகினர். அவர்கள் அறிவு கூடிவிடவில்லை. கையில் சரியான எண் வந்தது, அவ்வளவே. அதைத் தெளிதல் என்பதில் யாருக்கும் இழுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது இதைவிடப் பெரிய சொல் சிக்கல். நாம் மொழிபெயர்க்கும் நூலின் உரை முழுக்க வரும் ‘செக்யூரிட்டி’.

அதை ஒலிபெயர்த்தால் வாசலில் நிற்கும் காவலாளிதான் நினைவுக்கு வருவார் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், உண்மை. ‘பாதுகாப்பு’ என்று எழுதினால் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. படைத்துறையும் பாதுகாப்பு, பெண்கள் இரவில் நடந்துபோவதும் பாதுகாப்பு, உணவும் பாதுகாப்பு, தலைக்கவசமும் பாதுகாப்பு, கடவுச்சொல்லும் பாதுகாப்பு. இதற்காகத்தான் ஏமம், அரண், காவல் என்று பிரித்து வழங்கலாம் என்று இங்கே இழை நீண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏமம் அழகான சொல், ஆனால் இன்றைய காதுக்கு ‘ஏமாற்றம்’ அருகில் நிற்கிறது. அரண் கணினிக்காரர்களிடம் போய்விட்டது. காவல் என்றால் காக்கிச் சட்டை.

அதற்காகப் ‘பாதுகாப்பு’ என்றே போட்டுவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. வினாத்தாளில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்:

‘பாதுகாப்புக்கு அரசு இப்போது செலவிடுவதைவிட அதிகம் செலவிட வேண்டும். ஏற்கிறீர்களா?’

சனிக்கிழமை காலை இதைப் படிக்கும் ஒரு பெண்மணி, விளக்கில்லாத தெருவை நினைத்து ‘ஆம்’ என்று குறிக்கிறார். இரண்டு நாள் எல்லை, படை, ஆயுதக் கொள்முதல் என்று பேச்சு போகிறது. ஞாயிறு மாலை அதே வரியைப் படிக்கும்போது அவர் மனத்தில் இருப்பது பீரங்கி. ‘இல்லை’ என்று குறிக்கிறார். அறிக்கையில் இது கருத்து மாற்றம் என்று ஏறும். அவர் கருத்து எங்கே மாறியது? தெருவிளக்கு வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறார். மாறியது அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள். முன்னும் பின்னும் ஒரே கேள்வியைக் கேட்டு வித்தியாசத்தை அளப்பதே முறையாக இருக்கும்போது, கேள்விக்குள் இருக்கும் சொல் இடையில் நகர்ந்தால் முழு அளவீடும் வீண். சாதாரணக் கருத்துக்கணிப்பில் இந்தக் குழப்பம் ஒருமுறைதான் நிகழும். இங்கே இரண்டு முறை, அதுவும் வேறு வேறு திசையில்.

ஆகவே வினாத்தாளில் ‘பாதுகாப்பு’ தனியாக எங்கும் வரக்கூடாது என்பது என் கருத்து. ‘ராணுவத்துக்கு’, ‘காவல்துறைக்கு’, ‘வெள்ளத்திலும் புயலிலும் மக்களைக் காப்பதற்கு’, ‘இணையவழித் தாக்குதல்களைத் தடுப்பதற்கு’ என்று பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். வரி நீளும், நீளட்டும்.

ஆனால் சிறு குழுவின் முதல் அமர்வில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அங்கே ‘பாதுகாப்பு’ என்ற மொட்டைச் சொல்லை அப்படியே நடுவில் வைத்து, ‘இது உங்களுக்கு என்ன’ என்று கேட்டுவிட்டு நெறியாளர் சும்மா இருக்க வேண்டும். எல்லையைப் பேசத் தயாராக வந்த நிபுணருக்கு அது எரிச்சலாக இருக்கும். 1994-ஆம் ஆண்டின் மனித வளர்ச்சி அறிக்கையில் ஐநா வளர்ச்சித் திட்டம் பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என ஏழு வகைப் பாதுகாப்பைப் பட்டியலிட்டது. அந்தக் குழுவில் ஒருவரும் அந்த அறிக்கையைப் படித்திருக்க மாட்டார்கள். இருந்தும் அரை மணி நேரத்தில் ஏழில் ஐந்தையாவது அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் ஒரே சொல் இருப்பது இங்கே நமக்கு லாபம். எது பாதுகாப்பு என்று தீர்மானிக்கும் உரிமையை யாரும் மொழிபெயர்ப்பிலேயே பறித்துவிடவில்லை.

இதே இடத்தில், ‘கோப்பன்ஹேகன் பள்ளி’ எனப்படும் பன்னாட்டு உறவு அறிஞர்களின் ‘செக்யூரிட்டைசேஷன்’ வருகிறது. ஒரு சிக்கலை ‘பாதுகாப்புப் பிரச்சினை’ என்று பெயரிட்டாலே அது வழக்கமான விவாதத்திலிருந்து வெளியே தூக்கி வைக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைகளும் நியாயமாகிவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். ‘பாதுகாப்பாக்கம்’ என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் கரடுமுரடு. வேறு இருந்தால் சொல்லுங்கள். தேர்தல் மேடைகளைக் கேட்பவருக்குப் பொருளை விளக்க வேண்டிய தேவை இருக்காது.

சில்லறைச் சொற்கள் சில. ‘மாடரேட்டர்’ = நெறியாளர். தொலைக்காட்சியில் நெறியாளர் என்பவர் மற்றவர்களைவிட உரக்கப் பேசுபவர் என்ற பெயர் ஏற்பட்டுவிட்டது, இருந்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘நடத்துநர்’ என்றால் பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர். ‘பிரீஃபிங் மெட்டீரியல்’ = விளக்கக் கையேடு; ‘விளக்கவுரை’ வேண்டாம், செய்யுளுக்கு எழுதுவது போலிருக்கிறது. ‘கிளாசிஃபைடு’ தகவலுக்கு ‘மறைவடக்கம்’, ‘மந்தணம்’ இரண்டும் வந்திருக்கின்றன. மந்தணம் எனக்குப் பிடிக்கும், ஆனால் கையேட்டில் ‘அரசு வெளியிடாத தகவல்’ என்று எழுதிவிடுவதே நல்லது. ‘அது ரகசியம், சொல்ல முடியாது’ என்று நிபுணர் எழுந்து சொல்லும் இடம் ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். எதைச் சொல்ல முடியாது, அதை முடிவுசெய்தவர் யார் என்று பங்கேற்பவர் திருப்பிக் கேட்க வேண்டுமென்றால், அவருக்குப் புரியாத சொல்லை அந்த இடத்தில் வைக்கக்கூடாது.

கலைச்சொல் பட்டியலுக்கு அனுப்பவிருக்கும் பதிவின் வரைவு:

தெளிகருத்துக் கணிப்பு (பெயர்ச்சொல்): சமவாய்ப்பு முறையில் தேர்ந்த குடிமக்களிடம் ஒரு பொருள் குறித்து முதலில் கருத்துக் கேட்டு, எல்லாத் தரப்புத் தகவலும் தந்து, சிறு குழுக்களில் பேசச் செய்து, மீண்டும் அதே கேள்விகளைத் தனித்தனியே கேட்டு மாற்றத்தை அளக்கும் முறை.

‘எல்லாத் தரப்பு’ என்பதற்கு ‘முக்கியத் தரப்புகள்’ என்று திருத்தலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். எது முக்கியம் என்று முடிவுசெய்வது யார் என்ற கேள்வி வரும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். தேர்தல் நெருங்கும்போது அந்தக் கேள்விதான் முதலில் வரும். எந்தக் கட்சியின் ஆள் கையேட்டைப் பார்த்துச் சரி சொன்னார் என்பதில்தான் நம்பிக்கையே இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இதை அனுப்பிவிடுகிறேன். நகலெடுத்து ஒட்டுபவர்கள் நடுவில் உள்ள ‘க்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை மூன்று சொற்கள் ஒற்று இல்லாமலே அச்சுக்குப் போய்விட்டன.