பங்குனி வெயிலில் சின்னப் பிள்ளைகளோடு ராமநாதபுரம் கரைக்குப் போகலாமா?

கோவைத் தாய்:
எல்லாருக்கும் வணக்கம். மூத்தவ யூகேஜி முடிக்கிறா, சின்னவனுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது. ஏப்ரல் முதல் வாரம் நாலு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். கடல் பார்க்கணும்னு மூத்தவ ஒத்தக் கால்ல நிக்கிறா. நாத்தனார் வீடு பரமக்குடியில இருக்கு. அங்க ஒரு ராத்திரி தங்கிட்டு ராமேஸ்வரம் பக்கம் போயிடலாம்னு நான் நினைக்கிறேன். வீட்டுக்காரர் கேட்கவே மாட்டேங்கிறார். "இந்த வெயில்ல ராம்நாட்டுக்கு யாராவது குழந்தையைத் தூக்கிட்டுப் போவாங்களா? கொடைக்கானல் போகலாம்" என்கிறார். மாமியாரும் கூட வர்றாங்க, அவங்களுக்கு ராமநாதசுவாமி தரிசனம் வேணும். அந்தப் பக்கத்து ஆளுங்க, பிள்ளைகளோட போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

மலைப்பிரியன்:
சகோதரி, உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி. ராமநாதபுரம் அழகான கரைதான், எனக்கு அந்த ஊர் மேல ஒரு கோபமும் இல்ல. ஆனா பங்குனி, சித்திரையில ரெண்டு வயசுப் பிள்ளையோட போற இடம் அது இல்ல. பாம்பன்ல 33, 34 டிகிரிதானே, மதுரையை விடக் குறைச்சல்தானேன்னு நினைக்காதீங்க. கடலோரப் புழுக்கத்துல வேர்வை காயாது. ராத்திரியும் 26, 27-க்குக் கீழ இறங்காது. பகல்ல வாடின பிள்ளைக்கு ராத்திரியாவது ஆறுதல் வேணாமா? தனுஷ்கோடியில பிள்ளையை இறக்கிவிட ஒரு மர நிழல் கிடையாது. கோயில்ல 22 தீர்த்தமும் ஆடுற கூட்டம், ஈரத் தரை. மலைக்குப் போனா உச்சி வெயில் நேரத்துலகூடப் பிள்ளை வெளிய ஓடி விளையாடும்.

உச்சிப்புளிக்காரன்:
அண்ணே, ராம்நாடுன்னாலே எல்லாரும் தனுஷ்கோடி ஒண்ணையே மனசுல வச்சுப் பேசுறீங்க. எங்க ஊர் தாண்டினதும் அரியமான் இருக்கு. சவுக்குத் தோப்பு தண்ணிக்குக் கிட்டத்துலயே நிழல் கொடுக்கும். கடல் பாக் நீரிணைப் பக்கம். ரொம்ப தூரம் நடந்து போனாலும் பெரியவங்களுக்கு முழங்கால் அளவுதான் தண்ணி இருக்கும். அக்கா, உங்க மக அங்க தண்ணிக்குள்ள உட்கார்ந்தே விளையாடலாம். அலைன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இருக்காது, சும்மா கரையை நனைச்சுட்டுப் போகும். காலையில வெள்ளனப் போனா நண்டு வளைக்கு வெளிய சின்னச் சின்ன மணல் உருண்டையா உருட்டிப் போட்டிருக்கும். எங்க அக்கா பிள்ளைகளுக்கு அதை வேடிக்கை பார்க்கவே பொழுது பத்தாது, பொம்மையே கேட்க மாட்டாங்க.

மலையில என்ன இருக்கு? வண்டியில வளைவு வளைவா ஏறி, பிள்ளை வாந்தி எடுத்து, மேல போனா கடை வாசல்ல வரிசை. 2024 மே மாசத்துல இருந்து மலைக்கு வண்டி ஏறணும்னா இ-பாஸ் வேற. 2025 ஏப்ரல்ல கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டிதான்னு நீதிமன்றமே அளவு வச்சது. நீலகிரிக்கு 6,000, 8,000. கூட்டம் எவ்வளவுன்னு அதுலயே தெரியலையா?

மலைப்பிரியன்:
தம்பி, அரியமான் நல்ல இடம், ஒத்துக்கிறேன். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். நடுவுல பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் என்ன பண்றது? ரூம்ல ஏசியைப் போட்டு, பிள்ளை கையில செல்போனைக் கொடுத்து அடைச்சு வைக்கணும். அதுக்குக் கோயம்புத்தூர்ல இருந்து அவ்வளவு தூரம் வரணுமா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

வார்டு நர்ஸ்:
குழந்தைகள் வார்டில வேலை பார்க்கிறேன். ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு விஷயம் விட்டுப்போகுது. வெயில் பெரியவங்களை விடச் சின்னப் பிள்ளையைச் சீக்கிரமாத் தாக்கும். ரெண்டு வயசுக்காரனுக்குத் தாகம்னு சொல்லத் தெரியாது. சிணுங்குவான், பிறகு சோர்ந்து மடியில சாய்வான், தூக்கம் வருதுன்னு நாம நினைச்சுக்குவோம். அப்போ எத்தனை மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னு பாருங்க. வாய் காஞ்சு, கண்ணு உள்ள போய், அழுதாக் கண்ணீர் வரலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். ஓஆர்எஸ் பாக்கெட் கையில இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும். கொஞ்சம் பொடி கொஞ்சம் தண்ணின்னு கண் திட்டத்துல கலக்கக் கூடாது.

பத்துல இருந்து நாலு வரைக்கும் பிள்ளை வெளிய இருக்கக் கூடாது. அந்த ஆறு மணி நேரத்தை உங்களால கண்டிப்பாக் காப்பாத்த முடியும்னா கடலுக்குப் போங்க. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், தனுஷ்கோடியையும் பார்த்துட்டுப் போயிடலாம்"னு மத்தியானம் கிளம்புற குடும்பம்னா மலைக்கே போயிடுங்க.

கீழக்கரை லாத்தா:
அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன். பத்துல இருந்து நாலு வரைக்கும் தூங்கணும். இந்தக் கரையில நாங்க பிள்ளை வளர்க்கலையா? விடிகாலையில எழுப்பி வெளிய விட்டு, வெயில் ஏறுமுன்ன உள்ள கூட்டிட்டு வந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கப் போட்டா அசர் தொழுகை நேரம், நாலு மணி வாக்கு வரைக்கும் அசையாதுங்க. கடல் தண்ணியில ஆடின பிள்ளைக்குச் செல்போன் எதுக்கு? எழுந்ததும் நுங்கு சீவிக் கொடுங்க. ஏப்ரல்ல பனங்காட்டுப் பக்கமெல்லாம் நுங்கு வந்துடும். இளசாப் பார்த்து வாங்கி, தோலை உரிச்சு, ரெண்டு வயசுக்காரனுக்கு நல்லா மசிச்சுத்தான் கொடுக்கணும். வழுக்கிக்கிட்டு முழுசாத் தொண்டைக்குள்ள போயிடும்.

தங்கச்சி, மீன் சாப்பிடுற வீடுன்னா முதல் வாரமே வந்துடுங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்புறம் நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறிடும். பிள்ளைக்கு முள்ளு கம்மியான மீனாக் கேட்டு வாங்குங்க.

ஆனா உச்சிப்புளித் தம்பி ஒண்ணு சொல்லாம விட்டுட்டாங்க. சனி, ஞாயிறு அரியமானுக்குப் போகாதீங்க. சுத்துப்பட்டு ஊர் அத்தனையும் அங்கதான் நிக்கும். வார நாள்ல வாங்க.

மண்டபத்துக் கடலோடி:
நான் கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளை. இங்க எல்லாரும் வெயிலைப் பத்தியே பேசுறீங்க, யாரும் காத்தைப் பத்திப் பேசலையே. இந்தக் கரைக்கு எப்ப வரணும்னு முடிவு பண்றது காத்துதான்.

வாடை அடிக்கிற ஐப்பசியில இருந்து தை வரைக்கும், உச்சிப்புளித் தம்பி புகழ்ற அதே பாக் நீரிணைக் கடல் கலங்கி, அலை எழும்பிக் கிடக்கும். அப்போ தெற்கே மன்னார் வளைகுடா அமைதியா இருக்கும். வைகாசிக்கு மேல கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து எடுத்துட்டா தலைகீழ். தெற்குக் கடல் குமுறும், தனுஷ்கோடியில மணல் பறந்து முகத்துல குத்தும், பிள்ளை கண்ணைத் திறக்க முடியாது. இந்த ரெண்டு காத்துக்கும் நடுவுல, மாசி பின்பாதியில இருந்து சித்திரை வரைக்கும், ரெண்டு பக்கக் கடலும் படிஞ்சு கிடக்கும். சின்னப் பிள்ளையைத் தண்ணியில இறக்க வருஷத்துல இதைவிட நல்ல நேரம் இல்ல.

அதுக்காக மெத்தனமா இருந்துடக் கூடாது. இந்த மாசங்கள்லதான் கள்ளக்கடலும் வரும். காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும். எங்கயோ தூரத்துல பெருங்கடல்ல கிளம்பின அலை இங்க வந்து கரையில ஏறும். 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல கடல்ல கால் நனைச்ச மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அப்படித்தான் அலை இழுத்துட்டுப் போச்சு. ஹைதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும், செய்தியிலயும் வரும். எச்சரிக்கை இருக்கிற நாள்ல மன்னார் வளைகுடாப் பக்கம் காலே நனைக்காதீங்க.

தனுஷ்கோடி தாண்டி நுனியில இருக்கிற அரிச்சல்முனையில எந்த நாளும் இறங்கக் கூடாது. ரெண்டு கடலும் சேர்ற இடம், அடியில இழுவை இருக்கும். நின்னு பார்த்துட்டு வரலாம், அவ்வளவுதான்.

அரியமான்ல தாழை, அதாவது கடல்புல் ஒதுங்கிக் குவிஞ்சு கிடந்தா அதுக்குள்ள பிள்ளையை விடாதீங்க. சில நாள் சொறி, அதாவது ஜெல்லி மீன் மிதந்து வரும். பட்டுட்டா மணல் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. கடல் தண்ணியிலயே கழுவி, ஒட்டி இருக்கிறதைச் சுரண்டாம இடுக்கியால மெதுவா எடுத்துட்டு டாக்டர்கிட்டக் காட்டுங்க. ஆழமில்லாத இடத்துல திருக்கை மணலுக்குள்ள படுத்திருக்கும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காம மணல்ல உரசிக்கிட்டே போனா அதுவே விலகிடும்.

மலைப்பிரியன்:
கடலோடி தம்பி சொன்னதை வரிக்கு வரி படிச்சேன். கள்ளக்கடல், சொறி, திருக்கை, இழுவை. அதோட நர்ஸம்மா சொன்ன வெயில். இவ்வளவு எச்சரிக்கை வேண்டிய இடம் எப்படி ஓய்வா இருக்கும்? தாய்க்கும் லீவு வேணும்ங்க. ஒரு நொடி கண் அசராம காவல் இருந்துட்டுத் திரும்பி வந்தா அது லீவா? வேணும்னா மாசித் தொடக்கத்துல போங்க. வெயில் இதமா இருக்கும், தனுஷ்கோடியில பூநாரையும் இருக்கும். 2025-ல அந்த இடத்தைப் பெரும்பூநாரை சரணாலயமாவே அறிவிச்சிருக்காங்க. ஏப்ரல்ல போனாப் பெரும்பாலும் பறவையும் கிளம்பிப் போயிருக்கும்.

மண்டபத்துக் கடலோடி:
அண்ணே, பூநாரைக்காக வர்றவங்களுக்கு நீங்க சொல்ற மாசம்தான் சரி. ஆனா இந்தப் பிள்ளை கேட்கிறது கடல். மாசித் தொடக்கத்துல வாடை முழுசா விட்டிருக்காது, வடக்குக் கரையில பிள்ளையை உட்கார வைக்க முடியாது. காவல் எந்தத் தண்ணிக்கும் வேணும், கொடைக்கானல் ஏரிக்கும் வேணும். நான் எச்சரிக்கை சொன்னது வராதீங்கன்னு இல்ல, பார்த்து வாங்கன்னு.

கோவைத் தாய்:
எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரரும் பக்கத்துல உட்கார்ந்து படிச்சார். கள்ளக்கடல் படிச்சுட்டுக் கொஞ்சம் பயந்துட்டார். ஆனா "நடுப்பகல்ல யாரும் வெளிய வரக் கூடாது, தனுஷ்கோடி கிடையாது, இதுக்குச் சம்மதம்னா டிக்கெட் போடுறேன்" என்கிறார். மாமியாரை எப்படிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது? எங்க தங்கினா நல்லது? கடல் தவிர பிள்ளைக்கு வேற என்ன காட்டலாம்?

கீழக்கரை லாத்தா:
தங்கறதுக்கு ராமேஸ்வரம் கோயில் தெரு வேணாம், சத்தமும் நெருக்கடியுமா இருக்கும். மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் பாருங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க. அந்தப் புழுக்கத்துல பிள்ளை தூங்காது.

உச்சிப்புளிக்காரன்:
அக்கா, கோயிலுக்கு அம்மாவை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு அனுப்புங்க. அது காலை 5 மணிக்கு. அண்ணன் கூடப் போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் தூங்கி எழுறதுக்குள்ள வந்துடுவாங்க. தீர்த்தம் ஆடுறதா இருந்தாலும் பெரியவங்க மட்டும் ஆடட்டும், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த ஈரத்துல நடக்காதீங்க. மூத்தவளுக்குக் கோயில் காட்டணும்னா மூன்றாம் பிரகாரம் போதும். 1,212 தூண், உள்ள வெயிலே தெரியாது. வாசல்ல செருப்பைக் கழட்டினதும் கல் சுடும், பிள்ளையைத் தூக்கிக்கோங்க.

பரமக்குடியில இருந்து ராமேஸ்வரத்துக்குக் கார்ல வராதீங்க, ரயில்ல வாங்க. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தாச்சு. ரெண்டு பக்கமும் தண்ணியா இருக்க, ரயில் மெதுவாப் போகும். 1914-ல திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்துலயே இதைக் கட்டினாங்க. ரோட்டுப் பாலத்துல காரை ஓரம் கட்டிப் பிள்ளையை இறக்கி போட்டோ எடுக்கிறாங்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். பஸ் உரசிக்கிட்டுப் போகுது, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க.

வார்டு நர்ஸ்:
கடைசி நாள் வெயிலுக்கு முன்னாடி காரங்காட்டுக்குப் போங்க. தேவிபட்டினம் தாண்டி வடக்கே. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாங்க. மூத்தவளுக்குப் பிடிக்கும். லைஃப் ஜாக்கெட் பிள்ளை அளவுல இருக்கான்னு முதல்ல கேளுங்க. பெரியவங்களோடதை ரெண்டு வயசுக்காரனுக்குக் கட்டிவிட்டா தண்ணியில தலை வழியா நழுவிடும். சின்ன அளவு இல்லைன்னா சின்னவனோட நீங்க கரையில இருங்க, மூத்தவளை அவங்க அப்பா கூட்டிட்டுப் போகட்டும்.

மலைப்பிரியன்:
என் கருத்து மாறல. ஏப்ரலுக்கு நான் மலையைத்தான் சொல்லுவேன். ஆனா போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. போற வழியில மதுரை, மானாமதுரை வெயில்தான் கடலை விட மோசம். கோவையில இருந்து ராத்திரி வண்டியில கிளம்பி விடியுறதுக்குள்ள பரமக்குடி சேர்ற மாதிரி பாருங்க.

கோவைத் தாய்:
சரிங்க அண்ணா, ராத்திரி வண்டிதான் பார்க்கிறோம். திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும், உச்சிப்புளிப் பக்கம் தங்கல். கடலோடி அண்ணா, கிளம்புற வாரம் கடல் எப்படி இருக்குன்னு இங்கேயே கேட்கிறேன், பதில் போடுங்க.

மண்டபத்துக் கடலோடி:
கட்டாயம் போடுறேன்மா. மூத்த பிள்ளைக்குத் தொப்பி மட்டும் பத்தாது, முழுக்கைச் சட்டை எடுத்துட்டு வாங்க.