கெத்தன் கிரகத்து மன்னன் வந்தானா, வந்தாளா?

பனிக்காலம் (கேள்வி):
1998-இல் கல்லூரி விடுதியில் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலைப் படித்தேன். அதில் வரும் கெத்தன் கிரகத்தில் ஆண், பெண் என்று யாரும் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் உடல் ஏதோ ஒரு பக்கம் சாயும். ஒரே ஆள் ஒரு பிள்ளைக்குத் தாய், இன்னொன்றுக்குத் தகப்பன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன வாரம் ப்ளஸ் டூ முடித்த மகளிடம் அதைக் கொடுத்தேன். நாற்பது பக்கத்திலேயே திருப்பித் தந்துவிட்டாள். "எல்லாரும் ஆம்பளையாத்தானேம்மா இருக்காங்க?" எடுத்துப் பார்த்தால் உண்மைதான், எல்லாருக்கும் 'ஹீ'. அன்று எனக்கு இது உறுத்தவே இல்லை. லெ குவின் பின்னால் இதை மாற்றினாரா? மகளுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம்?

கார்ஹைட்வாசி:
தன் கருத்தை மாற்றிக்கொண்டார், ஆனால் உடனே இல்லை. நாவல் வந்தது 1969-இல். 1976-இல் எழுதிய கட்டுரையில் 'ஹீ' பொதுச்சொல்தான், புதிதாக ஒன்றை உண்டாக்கி ஆங்கிலத்தைச் சிதைக்க மாட்டேன் என்று கோபமாகவே வாதாடினார். பெண்ணிய வாசகர்கள் விடவில்லை. 1987-இல் அதே கட்டுரையை எடுத்து, பழைய வரிகளை அழிக்காமல் பக்கத்திலேயே மறுப்பு எழுதினார். நாவலின் முக்கியப் பாத்திரமான கெத்தனியர் எஸ்த்ராவெனைத் தன் பிள்ளைகளோடு ஒரு தாயாகக் காட்டவில்லையே, கெத்தனியர்களை ஆண்-பெண் உறவுக்குள்ளேயே பூட்டிவிட்டேனே என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. தன் பிழையை மறைக்காமல் அப்படியே விட்டுவைத்ததற்காகவே அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

மகளுக்கு 1995-இல் வந்த 'கமிங் ஆஃப் ஏஜ் இன் கார்ஹைட்' சிறுகதையைக் கொடுங்கள் (கார்ஹைட் என்பது கெத்தனில் ஒரு நாடு). நாவலில் பெரும்பகுதியைப் பூமியிலிருந்து போன ஜென்லி ஆய் என்ற ஆண் சொல்கிறான். இதில் கெத்தனியர் ஒருவரே தான் வயதுக்கு வந்த கதையைச் சொல்கிறார்.

ஈறுகெட்ட எதிர்மறை:
அதே கிரகத்தில் நடக்கும் அவருடைய 'வின்டர்ஸ் கிங்' சிறுகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1969-இல் அதிலும் 'ஹீ'தான். 1975 தொகுப்பில் 'ஷீ' என்று மாற்றியவர், 'கிங்' என்ற பட்டத்தை மட்டும் அப்படியே வைத்தார். தமிழில் சொல்லிப் பாருங்கள்: "மன்னன் எழுந்தாள்." நமக்கு வினைமுற்றிலேயே பால் ஒட்டிக்கொண்டிருப்பதால் இடி ஆங்கிலத்தைவிடப் பலமாக விழும். 'அரசர் எழுந்தார்' என்று ஆர் விகுதி போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும், அதிர்ச்சியும் போய்விடும். நாவலில் அரசர் கர்ப்பமாக இருக்கிறார் என்று ஒரு வரி வருமே, அதை நான் மொழிபெயர்த்தால் 'மன்னன் கருவுற்றிருந்தான்' என்றுதான் எழுதுவேன்.

பனிக்காலம்:
ரொம்ப நன்றி. 'மன்னன் எழுந்தாள்' என்று மகளிடம் சொன்னதும் "தப்பும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, இரு, திரும்பச் சொல்லு" என்றாள். 1995 கதையை நேற்றிரவு முடித்துவிட்டாள். இன்று காலை பழைய நாவலை அவளே அலமாரியிலிருந்து எடுத்துப் போயிருக்கிறாள். ஜென்லி ஆய் மேல் இன்னும் கோபம்தான். அவனும் எஸ்த்ராவெனும் பனிப்பாலையைக் கடக்கும் பகுதி வரட்டும், அப்புறம் கேட்கிறேன்.