அன்டிரஸ்டட் ஆக்சஸ்: ‘நம்பகமற்ற அணுகல்’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘டிரஸ்டட் ஆக்சஸ்’, ‘அன்டிரஸ்டட் ஆக்சஸ்’ என்ற கலைச்சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே வந்த கேள்வி இது:

> வைஃபை வழியாகச் செல்பேசி வலையமைப்புக்குள் வருவதை ‘நம்பகமான அணுகல்’, ‘நம்பகமற்ற அணுகல்’ என்று பிரிக்கலாமா?

சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் இடறுகிறது. ‘நம்பகமற்ற’ என்றதும் அந்த வைஃபையிலேயே ஏதோ கோளாறு என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்களின்படி, ஓர் அணுகல் டிரஸ்டடா அன்டிரஸ்டடா என்று முடிவு செய்வது சிம் கொடுத்த நிறுவனம். ஒரே வைஃபை ஒருவர் சிம்முக்கு டிரஸ்டட் ஆகவும், பக்கத்தில் நிற்பவர் சிம்முக்கு அன்டிரஸ்டட் ஆகவும் இருக்கலாம்.

அன்டிரஸ்டட் வழிக்கு, வீட்டு வைஃபையில் பேசுவதையே பாருங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வைஃபை காலிங்தான். சிக்னல் எட்டாத உள்ளறையில் போன், நிறுவனத்தின் ஈபிடிஜி என்ற வாயிலைத் தேடிப் போகிறது. சிம்முக்குள் இருக்கும் ரகசியச் சாவியை வைத்து, ஈஏபி-ஏகேஏ என்ற சரிபார்ப்பு முறையில் போனும் நிறுவனமும் ஒருவரையொருவர் சரிபார்க்கின்றன. பிறகு ஐபிசெக் சுரங்கம், அதாவது தரவை மறையாக்கி அனுப்பும் பாதை (டனல்), எழுகிறது. நடுவில் இருக்கும் ரவுட்டருக்கு மறையாக்கிய பொதிகள் மட்டுமே தெரியும். இத்தனை காவல் உள்ள வழிக்கா ‘நம்பகமற்ற’ என்று பெயர்?

டிரஸ்டட் வழியில் இந்தச் சுரங்கம் கட்டாயமில்லை. வைஃபையின் சொந்தக் காப்பே போதும் என்று நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அங்கும் ஓட்டை உண்டு: ஈஏபி-ஏகேஏ, அதே வகையான ஈஏபி-சிம் இரண்டிலும் முதல் தொடர்பில், சிம்மின் நிரந்தர அடையாளமான ஐஎம்எஸ்ஐ எண் மறையாக்கப்படாமல் திறந்தபடியே போகக்கூடும். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வைஃபை வழியே அந்த எண்ணைப் பிடிக்க முடியும் என்று காட்டினார்கள். எண் இப்படி வெளிப்படுவதைக் குறைக்கவே, ஈஏபி-ஏகேஏவை வரையறுத்து 2006இலேயே வந்த ஆர்எஃப்சி 4187 என்ற இணையத் தர ஆவணம், அடுத்த தொடர்புகளுக்கு அந்த எண்ணுக்குப் பதிலாக ‘சூடனிம்’ என்ற தற்காலிகப் பெயரை வைத்திருக்கிறது. அதை ‘போலி அடையாளம்’ என்று யாரும் பெயர்த்துவிட வேண்டாம். நம்மிடம் ‘புனைபெயர்’ தயாராக இருக்கிறது, கச்சிதமாகவும் பொருந்துகிறது.

சென்ற மடலில் வந்த ‘நம்பா அணுகல்’ சுருக்கமானது. ஆனால் நம்பாதது நிறுவனமா அணுகலா என்ற குழப்பம் வருகிறது. ‘ஏற்ற அணுகல்’ என்றால் ‘தகுந்த’ என்று படித்துவிடுவார்கள்.

என் பரிந்துரை: ‘பொறுப்பேற்ற அணுகல்’, ‘பொறுப்பேற்காத அணுகல்’. வைஃபை பகுதியின் காப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்றதா என்பதுதானே கேள்வி? சற்று நீளம்தான், ஆனால் வாக்கியத்தில் உட்காருகிறது: “பொறுப்பேற்காத அணுகலில் ஐபிசெக் சுரங்கம் கட்டாயம்.” 5ஜியிலும் இதே பிரிவு தொடர்கிறது; வாயிலின் பெயர் மாறியிருக்கிறது. ஆகவே இப்போதே சரியாக வைத்துவிடுவது நல்லது.

‘டனல்’ என்பதற்குச் ‘சுரங்கம்’ போதுமா, பழைய ‘சுருங்கை’யை எடுத்துக்கொள்ளலாமா? எனக்குச் சுருங்கை பிடித்திருக்கிறது. கனிமம் தோண்டும் இடம் என்ற நினைப்பு அதில் வராது. பாடநூல் எழுதுபவர்கள் சொல்லுங்கள்.